பாதி உரித்த எலுமிச்சை

1

அமெரிக்க ஓவியங்களில் சாப்பாட்டை எப்படி வரைந்தார்கள் என்று கட்டுரை எழுத ஒப்புக்கொண்டேன். அதன் வினைதான் இந்தக் கதை. படம் படமாகப் பார்த்தேன். மேசை நிறையப் பழம், சிப்பி, கேக்கு. பலவற்றில் பண்டம் பாதி கடிபட்டுக் கிடந்தது, கடித்த ஆளைக் காணோம். கட்டுரை வரவில்லை, பசி வந்தது. ஆகவே ஒரு படத்தைத் தூக்கிப்போய் 1907ஆம் ஆண்டுச் சிங்கப்பூரில் மாட்டிவிட்டேன்.

2

'சிராங்கூன் சாலையில் விடியலின் பொன்னொளி...'

(வேண்டாம். மாட்டுக்கொட்டகை நாற்றத்தில் பொன்னொளி எடுபடாது.)

மருதப்பன் சோற்றுக்கடைக்காரர். போட்டிச் சோற்றுக்கடையான எதிர்க்கடையில் நிலைக்கண்ணாடி வைத்ததும், இவர் ஏலத்தில் ஓர் அமெரிக்க அச்சுப்படத்தை எடுத்துவந்து மாட்டினார். பாதி உரித்த எலுமிச்சை, கடித்த ரொட்டி, குடித்து மிச்சம் வைத்த கிண்ணம். கடை ஓடியதென்னவோ அவர் மனைவி ரத்தினம்மாவின் மீன்குழம்பால்தான். அதை யாரும் சட்டம் போட்டு மாட்டவில்லை.

மதியம் மாட்டுவண்டிக்காரர்கள் வந்தார்கள். மூத்தவர் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"யாருய்யா தின்னுட்டு எச்சில எடுக்காமப் போனது?"

"அண்ணே, அது படம். அமெரிக்காக்காரன் வரைஞ்சது" என்றார் மருதப்பன்.

"எவன் எச்சிலா இருந்தா என்ன? அதப் பாத்துக்கிட்டுச் சோறு எறங்குமா?"

எல்லோரும் எதிர்க்கடைக்குப் போனார்கள். குழம்பு சட்டியிலேயே ஆறியது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று ரத்தினம்மாவுக்கு அழுகை வந்தது. படத்தை அடுப்பில் வைக்கிற ஆத்திரமும் வந்தது.

3

(இங்கே ஒளி, நிழல், செல்வச் செருக்கு பற்றி ஒரு பத்தி இருந்தது. எனக்கே கொட்டாவி வந்ததால் எடுத்துவிட்டேன்.)

மருதப்பன் விட்டாரா? பெயர்ப்பலகை எழுதும் சீனரைக் கூட்டிவந்து எலுமிச்சைக்குத் தோல் போடச் சொன்னார். ரொட்டி முழுசானது, கிண்ணம் நிரம்பியது. கலையையே திருத்திவிட்ட பெருமையோடு வண்டிக்காரர்களைக் கைபிடித்து இழுத்துவந்தார்.

மூத்தவர் உற்றுப் பார்த்தார். "இப்ப ஒருத்தருமே தொடலையே. வாயில வைக்க வெளங்காதோ?"

மறுபடியும் எதிர்க்கடை.

4

முடிவு ஒன்று: ஒரு துரை வந்து அந்தப் படத்தை...

(இல்லை. கதைக்குள் துரை வந்தாலே எழுதுகிறவனுக்குச் சோம்பல் என்று பொருள்.)

முடிவு இரண்டு: ரத்தினம்மா படத்தை அடுப்பில்...

(ஆசைதான். மருதப்பன் பாவம்.)

நான் இப்படி அடித்தடித்து எழுதிக்கொண்டிருக்க, ரத்தினம்மா என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தாள். எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள், மறுநாள் மதியம் படத்துக்கு நேர்கீழே இலை போட்டு உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, கடை தொறந்து கெடக்கு! ஆளுங்க பாப்பாங்க!"

"பாக்கட்டுங்க. திங்கிற ஆளு இல்லாமத்தானே உங்க படத்துக்கு இந்தக் கெதி?"

குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். தன் சமையலைச் சூடாகச் சாப்பிடுவது அவளுக்கே புதிதாக இருந்தது.

வண்டிகள் நிற்கின்றன. மூத்தவர் வாசலில் தலையை நீட்டுகிறார். உள்ளே வருவாரா, 'பொம்பள முந்தித் தின்ற கடை' என்று துப்பிவிட்டுப் போவாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. அவருக்குப் பின்னால் நீங்களும்தான் நிற்கிறீர்கள். ரத்தினம்மா நிமிர்ந்து, பக்கத்தில் காலியாக இருக்கும் மணைப்பலகையைக் கண்ணால் காட்டுகிறாள்.

எனக்குப் பசிக்கிறது, நான் உட்கார்ந்துவிட்டேன். இனி உங்கள் பாடு.