மேக்கப்புக்குப் பூஜ்யம்

அண்ணன் எடுத்த பேய்ப் படத்தைப் பார்த்து நடுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்புப் படப் போட்டிக்கு அனுப்பியிருந்தால் பரிசே வாங்கியிருப்போம்.

படம் எடுத்தவர்கள் கடைசி வரிசையில் உட்காரலாம், கேட்டாலொழிய வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. அண்ணன், அண்ணி, கேமரா பிடித்த நான், மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேறிய படங்களைத் தியேட்டரில் ஒரு காட்சி ஓட்டுவார்கள். படத்தில் பேயாக வருவது அண்ணிதான். தன் முகத்தைப் பெரிய திரையில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. டாக்டர் எப்போதோ கையை விரித்துவிட்டார். தலையில் துணியும் மூக்குவரை முகமூடியுமாக அண்ணி வந்திருந்ததால் நடுவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

கதவு தானாகத் திறக்கும் காட்சியில் நான் கட்டிய தூண்டில் நரம்பு பளிச்சென்று தெரிந்தது. கதவுதான் இதில் நன்றாக நடித்திருக்கிறது என்றார் தலைமை நடுவர். பக்கத்திலிருந்த இன்னொரு நடுவரான எடிட்டருக்குச் சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. அப்படியே போய்ச் சேர்ந்திருந்தாலும் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

அடுத்து அண்ணியின் முகம் அந்த அறையின் சிறிய திரையை நிறைத்தது. மூன்றாம் நடுவர், சினிமாவில் மேக்கப் போட்டே தலை நரைத்தவள், படத்தை நிறுத்தச் சொன்னாள். திரைக்கருகே போய்ப் பேனாவால் சுட்டிக் காட்டினாள்.

"அரைகுறை வேலை. கன்னத்த மட்டும் ஒட்ட வச்சிருக்காங்க, நெத்தி ஓரம் குழி விழவே இல்ல. இது பேயா? நாலு நாள்ல எழுந்து நடமாடுற காய்ச்சக்காரி மாதிரி இருக்கு. யாரு போட்டது?"

கேட்டுவிட்டாள், இனி வாயைத் திறக்கலாம். அண்ணன் எழுவதற்குள் அண்ணி முகமூடியையும் துணியையும் கழற்றிவிட்டார்.

"யாரும் போடல. என் மூஞ்சிதான்."

மேக்கப்காரி கிட்டே வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அண்ணியின் கன்னத்தைச் சுட்டுவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

தலைமை நடுவர் தொண்டையைச் செருமினார். மேக்கப்பே போடாத படத்துக்கு மேக்கப் மார்க் கொடுக்க விதியில் இடமில்லையாம், பூஜ்யம்தானாம். அதோடு படம் தேறாமல் போனது. நாசமாய்ப் போக அந்த ஆள்.

அண்ணி அவர் பக்கம் திரும்பவேயில்லை. மேக்கப்காரியிடம் ஆசையாகக் கேட்டார்.

"படத்துல பாத்தப்ப, பொழச்சிக்குவேன்னு தோணுச்சா உங்களுக்கு?"

அவள் நேரில் இருந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு அடுத்த படத்தைப் போடச் சொன்னாள்.

படியிறங்கும்போது அண்ணன் அழுகிறானோ என்று தோளில் கைவைத்தேன். அவன் அண்ணியின் நெற்றி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா சொன்னது சரிதான்டா. படம் எடுத்தப்ப இவளுக்குக் கன்னம் மட்டுந்தான் ஒட்டியிருந்துச்சு. இப்பதான் எல்லாம் சரியா வந்திருக்கு. மேல கொஞ்சம் பவுடர் பூசிட்டா மேக்கப்புன்னு சொல்லிக்கலாம்."

அவனை அங்கேயே உருட்டிவிடலாம் போல இருந்தது. அண்ணி சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி போட்டி எப்போது என்று கேட்டார். அடுத்த வருஷம் என்றான் அண்ணன்.

"அப்ப இன்னைக்கே எடுத்துடலாம்" என்றார் அண்ணி.

நான் தோள் பையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தேன்.