காகிதத் தங்கம்

மெஹக் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் என் மகள் அவள் தட்டில்தான் சாப்பிடுவேன் என்கிறாள். என் கணவர் ஆசிஃப் வருமான வரிச் சந்தேகங்களை அவளிடம்தான் கேட்கிறார். இத்தனை வருஷத்தில் என்னிடம் "டீ கொண்டாம்மா" என்பதற்கு மேல் பேசியறியாத என் மாமனார் மெஹபூப் பாஷா, அவளோடு தரையில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறார். எனக்கு வயிறு எரிகிறது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

மெஹக் என் கொழுந்தன் சஃப்வானின் மனைவி. தேனாம்பேட்டையில் ஆபீஸ் வேலை. அங்கே ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பணத்தை எதில் போடுவது என்று சொல்லிக்கொடுக்கும் விளையாட்டாம். பகடையை உருட்டிக் காயை நகர்த்த வேண்டும். நிற்கிற கட்டத்தில் தங்கமோ கடையோ கம்பெனிப் பங்கோ வாங்கலாம், பேங்கில் டெபாசிட்டும் போடலாம். ஒரு சுற்று வந்தால் சம்பளம் கிடைக்கும். நம் கடைக் கட்டத்தில் வேறு யாராவது வந்து நின்றால் வாடகை கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

முதல் நாளே மாமனார் டெபாசிட் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மூடிவிட்டார். வட்டி ஹராம், விளையாட்டுக்குக்கூட வேண்டாம் என்றார். சாராயக் கம்பெனிப் பங்கை மெஹக்கே எடுத்து ஓரமாகப் போட்டாள். அதோடு விடாமல் மாமனார் புதுச் சட்டம் ஒன்றும் போட்டார். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அவரவர் கையிலிருக்கும் ரொக்கத்துக்கும் தங்கத்துக்கும் நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாக, அதாவது ஏழைகளின் பங்காக, நடுவிலிருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். கடைக் கட்டடத்துக்கு ஜகாத் கிடையாது.

விளையாட்டைக் கண்டுபிடித்தவனுக்கே இது தோன்றவில்லையே மாமா என்று மெஹக் வியந்தாள். மனிதருக்கு அன்று முழுக்கச் சிரிப்பு வாய்கொள்ளவில்லை. நானும் இந்த வீட்டில் வருஷக்கணக்காக பிரியாணி தம் போட்டு இறக்குகிறேன். "ம்" என்ற ஒரு எழுத்தைத் தவிர அந்த வாயிலிருந்து ஒன்றும் வந்ததில்லை. கொடுத்து வைத்தவள், வேறென்ன சொல்ல.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டிருப்பேன், கடை விஷயம் மட்டும் வராமல் இருந்திருந்தால். மயிலாப்பூரில் எங்களுக்கு லேஸ் கடை இருக்கிறது. லேஸ், பார்டர், பட்டன், ஃபால்ஸ் எல்லாம் கிடைக்கும். சரக்கு அனுப்புகிறவர்களின் சாம்பிள்கள் முதலில் வீட்டுக்குத்தான் வரும். கூடத்தில் பரப்பி வைத்து எது ஓடும், எது தூங்கும் என்று பிரித்துக் கொடுப்பது நான். நான் எடுத்தது தேங்கியதே இல்லை. இப்போது தி. நகரில் இரண்டாவது கடை திறக்கப் போகிறோம். வருகிறவர்கள் எல்லாம் பெண்கள், அதனால் கல்லாவில் வீட்டுப் பெண் யாராவது உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்று மாமனார் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

இந்த வீட்டுப் பெண்கள் யாரும் இதுவரை கடையில் உட்கார்ந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே ஆசை அதுதான். ஆனால் மாமனாரின் கண் மெஹக்கின் மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் வாங்குவதையும் விற்பதையும் அவர் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தார். அதனால் கடை திறப்பதற்கு முந்தின நாளான ஞாயிறன்று, அடுப்பை அணைத்துவிட்டு நானும் போய் ஆட்டத்தில் உட்கார்ந்தேன். எல்லோர் முன்னாலும் அவளைத் தோற்கடிக்க வேண்டும். மாமனார் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நான் தங்கமாக வாங்கினேன். வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் தங்கம்தான். சீக்கிரமே தங்கம் விலை ஏறியதாக ஒரு செய்திச் சீட்டு வந்தது. "பாபி, இப்ப வித்துடுங்க. வித்துட்டு அந்தக் கார்னர் கடையைப் புடிங்க" என்று அண்ணியான எனக்கு யோசனை சொன்னாள் மெஹக். எனக்குக் குழி பறிக்கிறாள் என்று நினைத்து விற்கவில்லை. அது பாதிக் காரணம்தான்.

மீதிக் காரணம் வேறு. லாக்டவுனில் கடை மூடிக் கிடந்தபோது, வாடகைக்கும் வேலையாட்கள் சம்பளத்துக்கும் என் நிக்காஹ் வளையல்கள் போயின. யாரும் பிடுங்கவில்லை, நானேதான் கழற்றிக் கொடுத்தேன். கடை நிமிர்ந்தது. வளையல் திரும்பவில்லை. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசுவதும் இல்லை. அதன் பிறகு கைக்கு வந்த தங்கத்தை, காகிதத் தங்கமே ஆனாலும், விட எனக்கு மனசு வருவதில்லை.

ஆனால் விளையாட்டுக்கு என் மனசு தெரியுமா? தங்கம் எனக்கு ஒரு பைசா சம்பாதித்துக் கொடுக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று ஜகாத் மட்டும் கேட்டது. மெஹக்கின் கடைகளில் வேறு போய்ப் போய் நின்றேன். சம்பளம் ஒரு கையில் வந்து மறு கையில் அவளிடம் போனது. கடைசியில், கை நிறையத் தங்கச் சீட்டு, வாடகை கொடுக்க ரொக்கம் இல்லை. விற்க மாட்டேன் என்றேன். அப்படியானால் ஆட்டத்திலிருந்து வெளியே என்றார் மாமனார். பகடையே சரியில்லை என்று நான் முணுமுணுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றார் ஆசிஃப். என் மகள் மெஹக்கின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

மாமனார் சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, தி. நகர் கல்லாவில் நீ உட்காருகிறாயா என்று மெஹக்கைக் கேட்டார்.

"எனக்கு ஆபீஸ் இருக்கே மாமா. பாபிய உக்கார வைங்களேன்" என்றாள்.

நான் வருஷக்கணக்காக ஆசைப்பட்டதை, வயிறு நிறைந்தவள் தட்டை நகர்த்துகிற மாதிரி என் பக்கம் தள்ளினாள். அவள் வேண்டாம் என்றதால் எனக்கா? அதற்கே கொதித்துக்கொண்டிருந்தேன், மாமனார் சிரித்தார்.

"ஃபிசாவா? பேப்பர் தங்கத்தையே விக்க மனசு வரல. அது கடையில உக்காந்து இன்னாத்த விக்கப் போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். மெஹக்கும்தான்.

"வித்திருக்கேன் மாமா" என்றேன். "நிக்காஹ்வுக்கு எங்க வீட்ல போட்ட வளையல் அத்தனையும். உங்க கடைக்காக வித்தேன். அதுக்கப்பறம் இந்தக் கைல எதுனா பாத்தீங்களா?"

ஆசிஃப் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் ஜகாத் கிண்ணத்தை எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"காலைல சீக்கிரம் கெளம்பிடும்மா. கல்லாவுல நீதான்."

கிடைத்துவிட்டது. யாரும் தள்ளிவிட்ட தட்டு இல்லை, நானே வாயைத் திறந்து வாங்கியது. எல்லோரும் என்னைப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். முக்கியமாக மெஹக்கின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

மெஹக் அழுதுகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதே பாபி, யாருமே சொல்லலயே" என்று தேம்பித் தேம்பி அழுதாள். ஆசிஃப் எழுந்து ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மாமனார் அவள் தலையில் கைவைத்து, அழாதே தாயி, நீ என்ன செய்வாய் என்றார். என் மகள் "சாச்சி, சாச்சி" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தானும் அழ ஆரம்பித்தாள். அந்த வளையல்களைக் கழற்றிக் கொடுத்த அன்றுகூட நான் அழவில்லை. அன்று எனக்கு யாரும் தண்ணீர் கொண்டுவரவும் இல்லை.

என் பக்கம் திரும்பியவன் சஃப்வான் ஒருவன்தான். "பாபி, நீங்க சொன்னாதான் கேப்பா. கொஞ்சம் சமாதானப்படுத்துங்களேன்" என்றான்.

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன்.