துணிக்கடை மாடியில் ஆமோஸ்

மாமனாருக்குக் கீழே துணிக்கடை, மேலே வேதபாடம். புதன்கிழமை மதியம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரம் பார்த்து, சபையார் ஏழெட்டுப் பேர் மாடி அறைக்கு வருவார்கள். மெத்தை வைத்த நாற்காலிகள், தலைக்கு மேல் ஃபேன், கையில் தேநீர். இந்த மாதம் பைபிளின் தீர்க்கதரிசிகள், அந்த வாரம் ஆமோஸ். குரல் கணீரென்று இருக்கிறது என்று வாசிக்கும் பொறுப்பை மருமகளிடம் கொடுத்திருந்தார்.

கல்யாணத்துக்கு முன்பு அவளும் அதே கடையில் துணி எடுத்துக் காட்டிய பெண்தான். முதலாளி மகன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டதில் மாடி ஏறிவிட்டாள். அவள் தங்கை இன்னும் கீழேதான், ஏழு மாத வயிற்றோடு. கடைப் பெண்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடையே தூங்குவதுபோல் இருக்குமாம். அன்று காலை தங்கையின் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"இன்னைக்கு எப்படியாவது ஒரு ஸ்டூலுக்குக் கேட்டுடறேன்டி," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வீட்டில் கேட்டால் மாமனார் பேச்சை மாற்றிவிடுவார். ஆமோஸை வைத்துக்கொண்டு எப்படி மாற்றுவார்?

ஏழைகளை மிதிப்பவர்களின் பாட்டும் வழிபாடும் கடவுளுக்கு வேண்டாம் என்று ஆமோஸ் சீறும் பகுதியை அவள் வாசித்து முடித்தாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பெல்லாம் இல்லை, அவருக்கு உண்மையிலேயே நெஞ்சு இளகிவிடும்.

"இந்தக் காலத்துல இது யாரைச் சொல்லுது?" என்று கேட்டார் போதகர்.

"அநியாய வட்டி வாங்குறவங்களை," என்றார் நாலு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்.

"வாடகையை ஏத்திக்கிட்டே போறவங்களை," என்றார் வட்டிக்கு விடுபவர்.

"நம்ம கடையையும்தான் சொல்லுது மாமா," என்றாள் மருமகள். "நம்ம பொண்ணுங்க உக்கார ஒரு ஸ்டூல்கூட இல்ல. தங்கச்சிக்குக் கால் வீங்கிப் போயிருக்கு."

அவள் கணவன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

மாமனார் கோபப்படவில்லை. எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். "எவ்வளவு நல்ல மனசும்மா உனக்கு. பாஸ்டர், இதை ஒரு ஜெபக் குறிப்பா எடுத்துக்கலாமே."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு நிக்கிறதுக்குப் பெலன் குடுங்க," என்று உருகி வேண்டினார் போதகர். ஆமென் சொன்னவர்களில் அவள் கணவன் குரல்தான் ஓங்கிக் கேட்டது. வீட்டில் சண்டை வராமல் விஷயம் முடிந்ததில் அவனுக்கு அப்படியொரு நிம்மதி.

அவள் கீழே இறங்கி வந்தாள். தங்கை கவுன்டரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, கலைந்து கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"உனக்காக ஜெபம் பண்ணாங்கடி."

தங்கை மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள். "நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

அக்கா வாய் திறப்பதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே நுழைந்தார். தங்கை கவுன்டரை விட்டு நிமிர்ந்து, "வாங்க, என்ன பாக்குறீங்க?" என்று சிரித்தாள்.