பானி ஏன் தண்ணீர் குடிக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது யூக்ரேனியக் கோயிலின் நிலவறையில், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு பிரோகி கிள்ளிக்கொண்டிருந்தபோது. உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து ஓரம் மடிக்கிற கொழுக்கட்டை அது. எத்தனையோ குளிர்காலமாகக் கிள்ளியும், கொதிநீரில் வாய் பிளப்பது என் கொழுக்கட்டைதான். மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒரிசியா. அடுப்புப் பக்கம் அவள் தம்பி மெட்ரோ. அக்கா ஒரு வரி சொல்வாள், தம்பி அங்கிருந்தே "பொய்!" என்று கத்துவான். முழுக்கதையும் அப்படித்தான் என் காதில் விழுந்தது.

எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா என்னை ஒல்லியா எழுது" என்றாள் ஒரிசியா.

(மெட்ரோ, ரயில் இல்லை. டிமிட்ரோ என்ற பெயர் கனடாவின் இந்தச் சஸ்காச்சுவான் சமவெளியில் உருண்டு தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. ஒவ்வொரு தெருவிலும் ஒரு மெட்ரோ உண்டு.)

2

முதல் தொடக்கம்: "வெண்பனி போர்த்திய வயல்வெளியில்…" வேண்டாம். இங்கே யாரும் பனியை ரசிப்பதில்லை. அள்ளித் தள்ளுகிறார்கள்.

இரண்டாவது: "குளிர் கத்தியைப் போல…" கத்தி வெட்டினால் வலிக்கும். மைனஸ் முப்பத்தெட்டில், வலி நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "பானி அன்றும் தண்ணீர் குடிக்கவில்லை." இது நிற்கும்போலிருக்கிறது. இதிலேயே போகிறேன்.

3

பானி அன்றும் தண்ணீர் குடிக்கவில்லை.

யூக்ரேனிய மொழியில் பானி என்றால் சீமாட்டி. (இந்தியில் தண்ணீர். தண்ணீர் குடிக்காத மாட்டுக்கு இப்படியொரு பெயரா என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் வைத்த பெயரில்லை. மாற்றிப் பார்த்தேன், மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.)

கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய உடம்பு. பிறந்த குளிரிலேயே காது நுனிகள் உறைந்து உதிர்ந்துவிட்டதால் இரண்டும் மொண்ணைக் காது. அன்றைக்கு அவளை அடுப்பு முன்னால் கிடத்தித் துண்டால் துடைத்துப் பிழைக்க வைத்தவள் ஒரிசியா. இப்போது அக்கா தம்பியின் அந்த மாட்டுக்கொட்டகைக்குப் பானிதான் தலைவி. யார் முதலில் தின்பது, யார் காற்றுப் படாத மூலையில் படுப்பது, யார் வாசலோரம் நின்று முதுகில் காற்று வாங்குவது என்பதையெல்லாம் மாடுகள் தங்களுக்குள் முட்டிமோதி முடிவுசெய்து வைத்திருக்கும். குளிர் ஏற ஏற அந்த வரிசை இறுகும். பானி குடித்தால்தான் மற்றவை குடிக்கும்.

அக்காவும் தம்பியும் செய்யவேண்டியது எல்லாவற்றையும் செய்திருந்தார்கள். முட்டி முங்குமளவு வைக்கோல் பரப்பினார்கள். கறந்த பிறகு காம்பை ஒட்டத் துடைத்து மருந்து பூசினார்கள். ஒரு சொட்டு ஈரம் நின்றாலும் காம்பு வெடித்துவிடும். தீவனத்தைக் கூட்டி வைத்தார்கள். ஆனால் தீவனம் அப்படியே கிடந்தது. குடிக்காத மாடு எப்படித் தின்னும்? தின்னாவிட்டால் உடம்புக்குள் சூடு எங்கிருந்து வரும்? பால் பாதியாகிவிட்டது. கண்கள் உள்ளே போயின. ஒரு கிடாரி, கம்பியில் படிந்த உறைபனியை நக்கிக்கொண்டு நின்றது.

இத்தனைக்கும் தண்ணீர் இருந்தது. கொட்டகைக்குள் இரும்புத் தொட்டி. இலையுதிர்காலத்தில் பழைய ஹீட்டர் போய்விட, மெட்ரோவே புதிது வாங்கி மாட்டி, கடுங்குளிர் வந்த அந்த வாரம்தான் ஓடவிட்டிருந்தான். தண்ணீர் உறையாமல், இளஞ்சூட்டில் லேசாக ஆவி பறக்க நின்றது.

பானி போனாள். மூக்கை வைத்தாள். சடாரென்று தலையை உதறிச் சீறினாள். பின்னால் நின்றவை சிதறி ஓடின.

"பார்த்தியாக்கா? இவளும் குடிக்க மாட்டா, அடுத்தவளையும் குடிக்க விடமாட்டா. ரவுடி!"

"நம்ம வீட்டு ஆம்பளைங்க மாதிரின்னு சொல்லு."

"சிரிக்காத. இப்படியே போனா மொத்தக் கொட்டகையும் படுத்துடும். இவள வெளிய எடுத்தாதான் மத்தது குடிக்கும். பென்னருக்குப் போன் போட்டுட்டேன். மத்தியானம் லாரியோட வர்றான்."

"எங்க கொண்டுபோக?"

வேலை செய்யாத மாட்டை ஏற்றிக்கொண்டு பென்னரின் லாரி போகிற இடம் ஒன்றுதான்: கசாப்புக்கூடம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டா வேணாம்ப."

"ஆமா, வேணாம்பேன்!"

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு. நான் கேக்குறேன்."



4

இந்த இடத்தில் மெட்ரோவை வில்லனாக்கப் பார்த்தேன். "மெட்ரோ கல்நெஞ்சன். அவனுக்கு மாடு என்றால்…" என்று ஆரம்பித்து அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் ஒரிசியாவிடமே கேட்டேன், உன் தம்பி கல்நெஞ்சனா என்று.

"போய்யா! போனை வச்சிட்டு என்ன பண்ணினான் தெரியுமா? சமையல்கட்டுல நின்னு கை கழுவுறான், கழுவுறான், கழுவிக்கிட்டே இருக்கான். நான்தான் குழாய மூடினேன்."

வில்லன் போய்விட்டான். வெளியே ஆளைக் கொல்லும் குளிர். உள்ளே இரண்டு நல்லவர்கள். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடச் சங்கடம் வேண்டாம்.

5

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரிசியா மறுபடி கொட்டகைக்குப் போனாள். பானியிடம் விடைபெறத்தான் போனாள் என்று எழுதினால் உருக்கமாக இருக்கும். ஆனால் அவள் போனது எலியைத் தேடி. தொட்டிக்கு அடியில், குழாய் சேருமிடத்தில் செத்த எலி ஏதாவது கிடந்து தண்ணீர் நாறுகிறதோ என்று சந்தேகம்.

மாடுகளின் மூச்சிலும் மூத்திரத்திலும் தொட்டியைச் சுற்றித் தரை நசநசவென்று ஈரமாக இருந்தது. அவள் முழங்காலிட்டாள். ஈரம் துணியைத் தாண்டித் தோலில் பட்டது. கையுறையைக் கழற்றிவிட்டு, எட்டிப் பார்ப்பதற்காகத் தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள்.

சுரீர்!

கையை உதறிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். பிறகு, பைத்தியக்காரத்தனம்தான், மறுபடி தொட்டாள். சுரீர்.

மின்சாரம்.

(ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாளெல்லாம் அந்தத் தொட்டியைத் தொட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மாடு ஈரத்தரையில் நாலு காலையும் வெறுமையாக ஊன்றி, தண்ணீரில் மூக்கை வைக்கிறது.)

ஒரிசியா திரும்பிப் பார்த்தாள். பானி நாலு அடி தள்ளி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, என் ராசாத்தி" என்றாள் ஒரிசியா. "நீ யாரையும் விரட்டலையா?"

6

"மெட்ரோ! வாடா இங்க!"

வாயில் ரொட்டியோடு வந்தான்.

"முழங்கால் போடு."

"எதுக்கு? ஜெபம் பண்ணவா?"

"போடுடா."

போட்டான்.

"கையுறையக் கழட்டு. தொட்டியத் தொடு."

"அக்கா, தண்ணி நல்லாத்தான் இருக்கு, நான் பார்த்…"

அவன் போட்ட அலறலில் கொட்டகையின் மறுகோடிக் கிடாரிகளெல்லாம் எழுந்து நின்றுவிட்டன. (இந்த இடத்தில் அடுப்புப் பக்கமிருந்து, "நான் அலறல! இருமினேன்!" என்று குரல் வந்ததைப் பதிவு செய்கிறேன்.)

அவன் எழுந்திருக்கவில்லை. அதே ஈரத்தில் மண்டியிட்டபடி ஹீட்டரின் கம்பியைப் பார்த்தான். பிறகு பானியைப் பார்த்தான்.

"நான் மாட்டினது, அக்கா."

"தெரியும்."

"நான் மாட்டிட்டு, அவள…"

"எந்திரி. போய் சுவிட்ச அணை. மத்தத அப்புறம் அழுதுக்கலாம்."

7

சுவிட்சை அணைத்த பிறகும் பானி உடனே வரவில்லை. அத்தனை அடி வாங்கிய மூக்கு, எப்படி நம்பும்? ஒரிசியா வெறுங்கையைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்துகொண்டே நின்றாள். பானி ஓரடி வைத்தாள். மூக்கை நீட்டி, எடுத்து, மறுபடி நீட்டி, நாக்கு நுனியால் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் மூஞ்சியை அப்படியே உள்ளே விட்டாள்.

மாடு தண்ணீர் இழுக்கும் சத்தம் உங்களுக்குத் தெரியும்தானே. தொண்டையில் மடக் மடக்கென்று உருண்டு இறங்கும் சத்தம். தொட்டியின் மட்டம் கண்ணெதிரே இறங்கியது. அவள் மூக்கில் நீர் ஒழுக நிமிர்ந்து ஒதுங்கியதும் அடுத்தவள் வந்தாள், அதற்கு அடுத்தவள். அக்காவும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டி நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். ஒரிசியா அழுதாள். அழுத கண்ணீர் இமையில் உறைந்து, கண் திறக்க முடியாமல் சிரித்தாள்.

வாசலில் லாரிச் சத்தம். பென்னர் எட்டிப் பார்த்தார்.

"எதை ஏத்தணும்?"

"என் தம்பிய ஏத்திட்டுப் போங்க" என்றாள் ஒரிசியா. "மாடு குடிக்குது."

பென்னர் ஒரு கிண்ணம் போர்ஷ்ட் சூப் குடித்துவிட்டு, காலி லாரியோடு சந்தோஷமாகப் போனார். பக்கத்து ஊர் எலக்ட்ரிஷியன் வந்து எர்த் கம்பியின் திருகைக் காட்டினார்: முறுக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேறு ஹீட்டர் கொண்டுவரும்வரை இருவரும் முறைபோட்டுக் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்தார்கள். தன் முறை வராதபோதும் மெட்ரோவே உடைத்தான்.

8

இனி முடிவு.

இலக்கியமென்றால் ஒரு சாவாவது வேண்டாமா என்று, உறைபனி நக்கிய அந்தக் கிடாரியைக் கொன்று ஒரு முடிவு எழுதினேன். ஒரிசியாவிடம் சொன்னேன். கையிலிருந்த மாவை மேசையில் போட்டாள். "ஏன்? எல்லாம் பிழைச்சா அது கதை இல்லையா?" கிழித்துவிட்டேன். கிடாரி நன்றாக இருக்கிறது.

இன்னொன்று பாக்கி. அன்று சாயங்காலம் கறவை முடிந்தபின் மெட்ரோ பானியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த மொண்ணைக் காதில் ஏதோ சொன்னதை ஒரிசியா கதவிடுக்கில் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டான் என்கிறாள். "காதுல பனி ஒட்டியிருந்துச்சு, ஊதினேன், அவ்வளவுதான்" என்கிறான் அவன்.

நான் என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். எல்லாம் என் குரலாக இருந்தது, அவன் குரலாக இல்லை. அதனால் அந்த வரியைக் காலியாக விடுகிறேன். நீங்களும் எப்போதாவது குற்றமில்லாத ஒன்றின்மேல் பழி போட்டிருப்பீர்கள். கொட்டகைக் கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே போய், கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தக் காதில் என்ன சொல்லவேண்டுமோ அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

மெதுவாகச் சொல்லுங்கள். மற்றவை இன்னும் குடித்துக்கொண்டிருக்கின்றன.