சுமலதா கலந்த பொய்கள்

செஞ்சியில் ஒரே பெஞ்சில் படித்த காலத்திலும் இர்பானாதான் முதல், சுமலதா இரண்டாவது. இருவரும் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்திலும் அதே கதைதான்.

அவர்கள் தேடுவது, அண்டமெங்கும் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருப்பதாகக் கருதப்படும் கரும்பொருளை. அதன் இலேசான துகள் ஒன்று மோதினால், உறைகுளிரில் வைத்த சிலிக்கான் வில்லையில் மின்துடிப்பு எழும். ஆய்வாளர்கள் ஆசைப்பட்டு ஏமாறாதிருக்க, பதிவுகளில் பொய்த்துடிப்புகளைக் கலந்து வைப்பது அங்கே வழக்கம். எவை பொய் என்பது கலந்த சுமலதாவுக்கு மட்டுமே தெரியும்.

ரம்ஜானுக்கு ஊர் வந்தபோது, "இந்த தபா துகள் நெசமாவே மாட்டிக்கிச்சுடி," என்றாள் இர்பானா. சுமலதாவுக்கு வயிறு எரிந்தது. அவள் கண்ட துடிப்புகள் எல்லாம் தான் போட்டவையாகத்தான் இருக்கும் என்று நினைத்த பிறகே இர்பானா வீட்டுப் பிரியாணி தொண்டையில் இறங்கியது.

விடுமுறை முடிந்ததும், எல்லோர் முன்னிலும் தன் பொய்களை ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து நீக்கினாள். எல்லாம் போன பின்னும் ஒரு துடிப்பு எஞ்சியிருந்தது.

"இதுவும் நீ போட்டதாடி?" என்று கேட்டாள் இர்பானா.

ஆமாம் என்று சொல்லத்தான் சுமலதாவின் வாய் முதலில் திறந்தது.