ஜோசபின் சொல்லத் தயங்கிய வாக்கியம்

ஜோகுபாளையத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, முதல் மாடியில் நடக்கிறது அந்தத் தமிழ்ச் சபை. அங்கே வெளியூரிலிருந்து பிரசங்கியார் யார் வந்தாலும் மொழிபெயர்க்க ஜோசபினைத்தான் மேடையில் நிறுத்துவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் என்று மாறி மாறி நாள் முழுக்க போனில் பேசுகிறவள். ஒருவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த மொழியில் அது தயாராக இருக்கும்.

அவள் கணவன் உத்தமன் அடுகோடிப் பகுதியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தான். இருவரும் கோலார் தங்கவயலில் ஒரே சுரங்கத் தொழிலாளர் லைனில் வளர்ந்தவர்கள். அவள் வீடு கிறிஸ்தவ வீடு, அவனுடையது மூன்று தலைமுறையாகப் பௌத்த வீடு. காதலித்து, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு பதினொரு வருஷம் ஆகிறது. ஞாயிறுதோறும் அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவான். சபைக்குள் வந்ததே இல்லை.

அந்த வாரம் சபையின் ஆம்ப்ளிபயர் புகைந்து போனது. டெல்லியிலிருந்து பெரிய பிரசங்கியார் வரும் நேரம். பாஸ்டர் பிரசன்னா தயங்கித் தயங்கிக் கேட்டதும், உத்தமன் ஞாயிறு காலை ஆறரைக்கே சாமான்களோடு மாடியேறிவிட்டான். ஸ்பீக்கர் கட்டி, மைக் சோதித்து, கடைசி வரிசைக்குப் பின்னால் சவுண்ட் மிக்சர் வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தான்.

பிரசங்கியாருக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த தாடி, கணீரென்ற குரல். விசுவாசியாதவர்களின் ஆத்தும நிலை பற்றித்தான் அன்றைய செய்தி. அவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்ல, ஜோசபின் அதைத் தமிழில் சொல்ல, கூட்டம் ஒன்றிப்போய்க் கேட்டது.

"கிறிஸ்து இல்லாதவன் நோயாளி அல்ல," என்றார். "நோயாளியாவது டாக்டரைக் கூப்பிடுவான். இவன் மரித்தவன். மரித்தவன் காதில் கத்தினாலும் கேட்காது."

ஜோசபின் அதைத் தமிழில் சொன்னாள். சொல்லும்போதே கண் தானாகப் பின்வரிசைக்குப் போனது. உத்தமன் தலையைச் சாய்த்து, அவள் குரலுக்கு ஏற்றபடி ஏதோ குமிழைத் திருகிக்கொண்டிருந்தான்.

பிரசங்கியார் மேடையின் விளிம்புக்கு வந்தார். "உங்களில் சிலருடைய வீட்டிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சமைத்துப் போடுகிறீர்கள். அவர் பக்கத்தில் தூங்குகிறீர்கள். சகோதரியே, நீ ஒரு பிணத்தோடு குடித்தனம் நடத்துகிறாய்!"

ஜோசபின் வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அவள் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, பிரசங்கியார் அதே வாக்கியத்தை மெதுவாக மறுபடி சொன்னார். அப்போதும் அவள் பேசவில்லை. முன்வரிசையில் தலைகள் திரும்பின. மைக்கில் கோளாறு என்று உத்தமன் நினைத்திருக்க வேண்டும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வேறொரு மைக்கை எடுத்துக்கொண்டு, சுவரோரமாகக் குனிந்தபடி மேடைக்கு ஓடி வந்தான்.

"இன்னா ஜோசி, பேட்டரி பூட்ச்சா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பிரசங்கியாரைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

"என்னியத்தான் சொல்றாரா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரவால்ல, சொல்லிடு. அவர் சொன்னத மாத்திச் சொன்னா அது உனுக்கு அசிங்கம்," என்று மைக்கை அவள் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அவன் இடத்துக்குப் போய் ஹெட்போனை மாட்டும்வரை காத்திருந்து, ஜோசபின் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் தான் என்ன பேசினோம் என்று அவளுக்கு நினைவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். பிரசங்கியார் ஜோசபினைத் தேடி வந்தார். தான் வேகமாகப் பேசிவிட்டோமோ என்று கேட்டார்.

"இல்லை ஐயா. நீங்கள் பேசியது நன்றாகப் புரிந்தது," என்றாள் இங்கிலீஷில். "மைக் கொண்டுவந்து கொடுத்தாரே, அவர் என் கணவர். பௌத்தர்."

அவர் வேதபுத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு நேரே உத்தமனிடம் நடந்தார். உத்தமன் தரையில் குந்தி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். அவரும் சிரமப்பட்டு அவன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். நடுவில் ஜோசபின் மறுபடி மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"மன்னிப்பு கேக்குறாருங்க. வசனத்துல 'நாமும் அப்டித்தான் மரிச்சவங்களா இருந்தோம்'னுதான் அப்போஸ்தலர் சொல்றாராம். இவரு அத 'அவங்க'ன்னு மாத்தி, மத்தவங்க பக்கம் கைய நீட்டிட்டாராம்."

"அப்போ நான் செத்தவன் இல்லியாமா? கேளு."

ஜோசபின் கேட்டாள்.

"வசனத்த மாத்த முடியாதுன்றாரு," என்றாள் ஜோசபின். "ஆனா அத அழுதுகினு சொல்லணுமாம். கைதட்டல் வாங்க சொல்லக்கூடாதாம். இன்னிக்கு அவர் கைதட்டலுக்குத்தான் சொன்னாராம்."

உத்தமன் ஒயரைக் கீழே வைத்தான். "இவரு வூட்ல எல்லாரும் கிறிஸ்டியனா?"

அந்தக் கேள்விக்குப் பிரசங்கியார் நெடுநேரம் பேசினார். இமாச்சலில் ஒரு மலை ஊர். அவர் அப்பா தபால்காரர். மகன் கிறிஸ்தவனானதில் மனம் உடைந்து ஒரு வருஷம் பேசாமலிருந்தவர். ஆனாலும் அவன் வேதக் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, இரும்புப் பெட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நான்கு மைல் இறங்கி பஸ் ஏற்றிவிட்டார். கடைசிவரை விசுவாசிக்காமலே இறந்துபோனார்.

ஜோசபின் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அவரு இப்போ எங்க கீறாரு? கேளு," என்றான் உத்தமன்.

இந்தக் கேள்வியை அவள் தயங்காமல் கேட்டாள். பிரசங்கியார் தாடியைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "முப்பது வருஷமாக இதைப் பிரசங்கிக்கிறேன். ஒருநாளும் அப்பா முகத்தை நினைத்துக்கொண்டு பிரசங்கித்ததில்லை. நினைத்தால் சொல்ல வாய் வராது, இன்று இந்தச் சகோதரிக்கு வராததுபோல."

உத்தமன் எழுந்து அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். "வாங்க சார், பிரியாணி ஆறிடும்," என்றான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பும்போது சாமான்கள் ஏற்றிய வண்டியில் இருவரும் ஏறிக்கொண்டார்கள். டிரினிட்டி சிக்னலில் நின்றபோது உத்தமன் பேச்சை ஆரம்பித்தான்.

"ஊர்ல எவன் எவனோ எதெதுவோ சொல்லிக்கிறான் ஜோசி, அதெல்லாம் எனுக்கு ஒண்ணும் இல்ல. எங்க பிக்குவும்தான் சொல்வாரு, நாம எல்லாம் தூங்கிக்கினு கீறோம்னு. ஆனா ஹெட்போன்ல உன் குரல்ல வந்துச்சு பாரு. இங்க ஒரு மாதிரி ஆயிட்ச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிக்னல் விழுந்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை எடுத்தான்.

"நீ நம்புறியா அத?"

"நம்புறேன்னு சொல்ல வாய் வரல. நம்பலன்னு சொன்னா பொய் சொல்றவளாயிடுவேன்," என்றாள். "தினம் காலைல உங்களுக்காக ஜெபம் பண்றேன். அத மட்டும் நிறுத்த மாட்டேங்க."

"நிறுத்தச் சொன்னது யாரு? பண்ணு. ஆனா பொணத்துக்குப் பண்ற மாதிரி பண்ணாத. புருஷனுக்குப் பண்ற மாதிரி பண்ணு."

அழுகையின் நடுவிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஜோசபின் மொழிபெயர்க்கிறாள். ஒன்றை மட்டும் பாஸ்டர் பிரசன்னாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். யார் பேசினாலும் குறிப்பை முந்தின நாளே அவளுக்குத் தரவேண்டும். தன் வாயால் சொல்ல முடியாதது இருந்தால் பேசுகிறவரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வாள். அவர் மறுக்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பிட்டுக்கொண்டிருந்த உத்தமன் கேட்டான்: "அந்த டெல்லி சாரோட அப்பா பேரு இன்னா? போன் போட்டுக் கேளு."

"எதுக்கு?"

"பௌர்ணமிக்கு விகாரைல செத்தவங்க பேரச் சொல்லி புண்ணியம் சேர்ப்போம் இல்ல, எங்கப்பா பேரோட அவர் பேரையும் சொல்லிடலாம்னு. தலைல பெட்டி தூக்கினு வந்த மனுசன்."

ஜோசபினின் சபையில் இதை யாரும் ஒப்பமாட்டார்கள். பிரசங்கியாரும் ஒப்பமாட்டார் என்றே தோன்றியது. இருந்தாலும் மறைக்காமல், காரணத்தையும் சேர்த்து அவருக்கு எழுதி அனுப்பினாள்.

ஒரு நாள் முழுக்க பதில் இல்லை. மறுநாள் மத்தியானம் ஆபீசில் இருந்தபோது வந்தது. 'பல்தேவ்' என்ற பெயர். அதன் கீழே, "உத்தமனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. அவள் உடனே உத்தமனுக்குப் போன் போட்டாள்.