ஒரு விரற்கடை தள்ளிப் போன அடி

வில்ஃப் பிளென்கினுக்குத் தாடை வலிக்க ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கை இடது தாடையில் ஓங்கி அறைந்தது. கடைவாய்ப் பல் ஒன்று கழன்று தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. அவன் மனைவி நெல்லி அடுப்புப் பக்கம், கைக்கு எட்டாத தூரத்தில் நின்றிருந்தாள். அன்று எங்கள் ஊரான ஹல்லின் மீன் துறைமுகத்தில் காட் மீன் விலை இறங்கியிருந்தது. ஹாடக் சுமாராகப் போனது. அதே நேரத்தில், நாற்பது மைல் வடக்கே ஸ்கார்பரோவின் கடலோர நாடகக் கொட்டகையில், அவர்களுடைய ஒரே மகன் டெரிக், வெள்ளிக் கரண்டி திருடிய வேலைக்காரனாக நடித்து எஜமானிடம் அறை வாங்கிக்கொண்டிருந்தான்.

வில்ஃப் கப்பலிலிருந்து மீன் இறக்குகிறவன். பனிக்கட்டியோடு கலந்த மீன் கூடைகளை விடியும் முன்பே தூக்கி இறக்கி, மரச்செருப்புச் சத்தத்தோடு வீடு திரும்புவான். எங்கள் ஹெசில் ரோட்டில் அடி விழாத வீடு குறைவுதான். ஆனாலும் நெல்லி வாங்கியதைப் பார்த்து மற்ற பெண்கள் தங்கள் புருஷன்மாரை நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கழுத்துப்பட்டை எலும்பு இரண்டு முறை முறிந்தது. ஒரு காது போனது. பதினாறு வயதில் டெரிக் குறுக்கே விழுந்தபோது அவனுடைய மூக்கும் போயிற்று. அந்த மூக்கோடுதான் அவன் வாரம் ஒரு புது நாடகம் போடும் கம்பெனியில் மேடை கூட்டப் போய்ச் சேர்ந்தான். வளைந்த மூக்கு திருடனுக்குப் பொருத்தம் என்று சீக்கிரமே வேஷமும் கொடுத்தார்கள்.

மேடையில் அறைகிறவனின் கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளித்தான் போகும். சத்தம் போடுவது அடி வாங்குகிறவன் வேலை. பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் இடுப்புக்குக் கீழே இரண்டு கையையும் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும். முகத்தைத் தொடாத அடி அப்புறம் எங்கே போகிறது என்று மட்டும் எந்தக் கொட்டகையிலும் யாரும் கேட்டதில்லை. டெரிக் வாங்கிய அடிகள் ஹல்லுக்கு வந்தன.

மீன் துறையில் வில்ஃபின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“என்ன வில்ஃப், பொண்டாட்டி வட்டியோட திருப்பிக் குடுத்துட்டாளா?”

“போடா. கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

“ஒங்க வீட்டுக் கதவுக்கு அஞ்சு வெரலாடா?”

அடி விழுந்த நாளில் வில்ஃப் கை ஓங்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெல்லி இதைக் கவனித்தாள். ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போய் மதிய ஆட்டத்தைப் பார்த்தாள், ராத்திரி வீட்டுக்கு வந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். மறுவாரம் மீண்டும் போய்க் கொட்டகையின் பின்வாசலில் மகனைப் பிடித்தாள்.

“நேத்து வயித்துல ஒத வாங்குனியா?”

“ஆமாம்மா. ரெண்டாவது அங்கத்துல.”

“அவரு சாப்பாட்டுத் தட்டு மேலயே கவுந்துட்டாரு.” நெல்லி சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தாள். “அடுத்த வாரம் என்ன நாடகம்?”

“காதல் கதைம்மா. நாந்தான் மாப்ள.”

“அதுல ஒன்ன யாராச்சும் அடிப்பாங்களா?”

“மாப்ளய எதுக்கும்மா அடிக்கப் போறாங்க?”

“அப்ப அது வேணாம். வேற வேஷம் கேளு.”

இப்படித்தான் டெரிக் பிளென்கினின் தொழில் வாழ்க்கை அமைந்தது. அவனுக்கு நல்ல குரல். ராஜா வேஷங்கள் தேடி வந்தன, மறுத்தான். ஓடிப்போன சிப்பாய், சீட்டு விளையாட்டில் ஏமாற்றுபவன், பைத்தியக்கார விடுதிக் கைதி என்று அடி விழும் இடமாகப் பார்த்துப் போனான். லண்டனில் ஒரு சிறைச்சாலை நாடகம் மூன்று வருஷம் ஓடியது. வாரத்துக்கு எட்டு ஆட்டம், புதனும் சனியும் இரண்டிரண்டு. அந்த மூன்று வருஷமும் நெல்லியின் உடம்பில் ஒரு நகக்கீறல் இல்லை. கன்னத்தில் சதை பிடித்தது. தெருவில் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தாள். பிறகு அது சினிமாவாகி நாடெங்கும் ஒரே நாளில் வெளியானது. ஒவ்வொரு கொட்டகையிலும் ஒவ்வொரு காட்சிக்கும் கைகளில் பிரம்படி. வில்ஃப் கப்பல் தளத்தில் கொட்டிய மீனைப்போல் சமையலறைத் தரையில் துள்ளினான். படம் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் இரண்டு கை விரல்களும் ஒடிந்து கோணி, கரண்டி பிடிக்க முடியாமல் போயிருந்தன. நெல்லி ஊட்டிவிட்டாள். டாக்டர் மூட்டு வாதம் என்றார்.

அப்போதுதான் லாசெல்ஸ் என்ற இயக்குநர் டெரிக்கைக் கூப்பிட்டார். “இருபது வருஷமா அடி வாங்குன மூஞ்சிய்யா உன்னுது. இப்ப அது அடிக்கட்டும், சனங்க நடுங்கிப் போவாங்க.” பொண்டாட்டியை அறைகிற புருஷன் வேஷம். முதல் தடவையாகப் பெயர் எல்லோருக்கும் மேலே வரும். அப்பனால் இனிக் கையை மடக்க முடியாது, அம்மாவுக்கு ஆபத்தில்லை என்று டெரிக் கணக்குப் போட்டான். நாற்பதைத் தொட்டிருந்தான். ஒப்புக்கொண்டான்.

முதல் ராத்திரி, மனைவியாக நடித்த இஸபெல் ட்ரூவின் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி அவன் கை வீசியது. இஸபெல் கையைத் தட்டினாள். கொட்டகை மூச்சை அடக்கியது, கடைசியில் எழுந்து நின்று கரகோஷம் செய்தது. ஹல்லில், வில்ஃபுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நெல்லியின் தாடை முறிந்தது. பக்கத்து வீட்டு ஆடா மார்ஃப்ளீட் ஓடிவந்தபோது நெல்லி தரையில் கிடந்தாள். வில்ஃப் கோணல் கைகளோடு அவள்மேல் குனிந்து, “நான் இல்ல, நான் இல்ல” என்று அலறிக்கொண்டிருந்தான். மீன் துறை ஆட்கள் அவனைக் கொல்லைச் சந்துக்கு இழுத்துப்போய் மரச்செருப்புக் காலால் மிதித்தார்கள். விலா மூன்று போயிற்று. பெரியவனான பிறகு மனிதர்களிடம் அவன் நேரடியாக வாங்கிய உதை அது ஒன்றுதான்.

மறுநாள் ஆடா கொட்டகைக்குத் தொலைபேசினாள். “ஒங்கப்பன நல்லா கவனிச்சுட்டோம் டெரிக், நீ கவலப்படாத.”

“அவரு இல்ல ஆடா.”

“பின்ன எவன்டா? ஒங்கம்மாவுக்குப் பேச வாய் தெறக்கல.”

“எந்நேரம் விழுந்துச்சு?”

ஆடா நேரத்தைச் சொன்னாள். அறைக் காட்சியின் நேரம். டெரிக் தொலைபேசியை வைத்தான். சாயங்காலம் டெரிக் இஸபெலிடம் போய், நிஜமாகவே கன்னத்தில் பட அடித்தால் என்ன என்று கேட்டான். “பட்டுச்சுன்னா மறுநாள் வக்கீல்தான் வருவாரு” என்றாள். அறையே இல்லாமல் நடிக்கலாமா என்று லாசெல்ஸைக் கேட்டான். “அறை இல்லேன்னா நாடகமே இல்ல. வெளிய வரிசையப் பாத்தியா?” என்றார். டெரிக் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறினான். கையை மெதுவாக வீசிப் பார்த்தான். கொட்டகை இருமியது, யாரோ சிரித்தார்கள். அதற்கடுத்த ராத்திரி ஓங்கி வீசினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பழங்கள் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். நெல்லியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பல்லைத் திறக்காமல் பேசினாள்.

“நல்லா நடிக்கிறியாமே. ஆடா பேப்பர்ல படிச்சுக் காட்டுனா.”

“ஆமாம்மா.”

“எவ்ளோ நாள் ஓடும்?”

“கிறிஸ்துமஸ் தாண்டும்னு சொல்றாங்க.”

“புதனும் சனியும் ரெண்டாட்டம்தான? அன்னிக்கு நான் வெறும் கஞ்சியோட இருந்துக்கிறேன்.”

மூலையில் விலாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வில்ஃப் தலையைத் தூக்கினான். “டே டெரிக். பழைய வேஷத்துக்கே போயிடுடா. நான் வாங்கிக்கிறேன். எனக்குப் பழக்கம்தான?”

டெரிக் அப்பனைப் பார்க்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்துக்கொண்டான்.

நாடகம் இரண்டு கிறிஸ்துமஸைத் தாண்டியது. பிறகு படமானது. ராணி கையால் பதக்கம் கிடைத்தது. வில்ஃப் ஒரு மார்ச் மாதம் செத்துப்போனான். பழைய சிறைப் படம் எங்கோ இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் சவப்பெட்டி தோளில் இருக்கும்போதே இரண்டு முறை உள்ளிருந்து தடதடத்தது. தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள். கல்லறையில் அவன் இருக்கும் இடத்தில் புல் நிற்பதில்லை.

நெல்லிக்கு இப்போது எண்பது வயது. டெரிக்கின் பெரிய படத்தை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். அந்தப் பெட்டியும் டெரிக் வாங்கிக் கொடுத்ததுதான். போடுகிற அன்று ஆடா ஈரத்துணியோடு வந்துவிடுவாள். நாங்களும் நாலு பேர் தேநீருக்குப் போவோம். அந்தக் காட்சி நெருங்கும்போது நெல்லி பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, தலையணையை வலப்பக்கம் முட்டுக் கொடுத்து, இடது கன்னத்தைத் தயாராகக் காட்டிக்கொண்டு உட்காருவாள். அறை விழும். தலை தலையணையில் போய் மோதும். ஆடா ரத்தத்தைத் துடைப்பாள். “முடிஞ்சுதா? யாராச்சும் கேக் எடுங்கப்பா” என்பாள் நெல்லி. நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

முதல் ராத்திரி அவனுக்குத் தெரியாமல் நடந்தது, அதற்கு அவன்மேல் குற்றமில்லை என்று நெல்லி தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். இரண்டாம் ராத்திரியிலிருந்து அவனுக்குத் தெரியும். அதற்கு டெரிக் பிளென்கின் தன் தாயிடம் ஒரு மன்னிப்புப் பாக்கி வைத்திருக்கிறான். இன்றுவரை கேட்கவில்லை.